மூக்காயி அழித்த சிவப்புக் கோடு

மூக்காயி முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவள். மரத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் அதைச் சாய்க்கப் போகிறார்கள் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. எண்பத்து மூன்றாம் வருஷ வறட்சியில், ஈப்போவிலிருந்து வந்த ஆட்கள் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அவள் வீட்டு வரிசை முழுக்க வாசற்கால்களிலும் அந்தக் கோட்டைப் போட்டார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

சுற்றிலும் ஆளுயரம் காய்ந்து நிற்கும் லாலாங் புல் பற்றினால் முதலில் எரியப்போவது இந்த வீடுகள்தான், ஆட்களை ஏற்றிப்போக லோரி இங்கேதான் முதலில் வரும், அதற்குத்தான் கோடு என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவள் நம்பவில்லை.

"வீட்ட ஒடைக்கப் போறானுங்க லா," என்றாள், மூச்சிரைப்பில் படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவன் ஐயாவுவிடம். "நான் விட்ருவனா?"

மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தன் வாசற்காலில் இருந்த கோட்டை அழித்தாள்.

மூன்றாம் வாரம், அவள் மருந்து வாங்கப் புந்தோங் கடைத்தெருவுக்குப் போயிருந்த பகலில் புல் பற்றியது. அக்கம்பக்கத்தார் வேலைக்காட்டில் இருந்தார்கள். லோரியில் வந்தவர்களுக்குக் கோடு மட்டும்தான் தெரியும். கோடிருந்த வீடுகளில் கிடந்த கிழடுகளையும் பிள்ளைகளையும் தூக்கி ஏற்றினார்கள். கோடில்லாத கதவை யாரும் தட்டவில்லை. ஐயாவுக்குக் கூப்பிடக் குரலில்லை.

இப்போது புந்தோங்கில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். வெயில் ஏறும் மாதங்களில் வாசற்காலில் தானே சிவப்புச் சாயம் பூசுகிறாள்.

"எதுக்குக்கா இது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"உள்ள ஆளு இருக்குன்னு தெரியணும்ல."

சொல்லிவிட்டு, காலி அறையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.