பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருடா வருடம் ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்போம். அப்பா எலக்ட்ரீஷியன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கிப் பொட்டிடும்போது சிபியு பெட்டியை மட்டும் விட்டுவிட அவருக்கு மனசு வராது. பெட்டியின் முகப்பில் பட்டையாகச் சந்தனம், பக்கவாட்டில் காற்று போகிற ஓட்டைகளின் மேல் வட்டமாகப் பெரிய பொட்டு. பூஜை முடிந்தாலும் அதை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அது எங்கே உதிர்ந்தது? காய்ந்து இறுகி அப்படியே கிடக்கும். அடுத்த வருடம் அதன் மேலேயே புதுப் பொட்டு ஏறும்.

அடையாறில் ஒரு ஆபீசுக்கு ஒயரிங் செய்து கொடுத்தபோது, அங்கே மூலையில் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரை அந்த முதலாளி அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பா அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மந்தைவெளிக்கு வந்தார். பல குடித்தனங்கள் இருந்த வீடு அது, நாங்கள் மாடியில். படியில் அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது எல்லா வீட்டுக் கதவிலும் ஆள் நின்று பார்த்தார்கள். அந்தப் பெருமை ஒரு வாரம் நீடித்தது.

அப்புறம்தான் சனியன் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. ஆன் செய்துவிட்டு நான் பல் தேய்த்து, சாப்பிட்டு, பள்ளிக்கூடச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தாலும் அப்போதுதான் திரையில் ஒரு படம் வந்து நிற்கும். எதையாவது தொட்டால் போதும், மணல் கடிகாரம் சுழலும், அம்புக்குறி உறைந்துவிடும், பெட்டிக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வரும். ஹேங் ஆகிவிட்டது என்று அர்த்தம். பிடுங்கி, மறுபடி சொருகி, மறுபடி பல் தேய்க்கிற நேரம் காத்திருக்க வேண்டும்.

இதற்கு வைத்தியர் எங்கள் மாமா. அம்மாவின் அண்ணன். தி.நகரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்ததால் திரை உள்ள எல்லாமே அவருக்கு அத்துப்படி என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. மாமா வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக வலது பக்க பட்டனை அழுத்தி ‘ரெஃப்ரெஷ்’ கொடுப்பார். ஒரு தடவை இல்லை, விடாமல் கொடுப்பார். ஏன் மாமா என்று கேட்டால், “அதுக்கும் மூச்சு வுட டைம் வேணும் இல்ல?” என்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுப்பார். வைரஸைக் கொல்லும் மருந்து அது. அடுத்த முறை வரும்போது கம்ப்யூட்டர் இன்னும் மெதுவாகியிருக்கும். “அது வீக்கு மாப்ள. இது ஸ்ட்ராங்கு” என்று இன்னொரு சிடியைப் போடுவார். பழையதை எடுக்க மாட்டார். இருக்கட்டுமே, ஒன்றுக்கு இரண்டு காவல். மூன்றாவதாக வந்தது, அவர் சொல்லின்படி, ஃபாரின் சரக்கு. ஒரே தெருவுக்கு மூன்று வாட்ச்மேன்களைப் போட்டால் அவர்கள் திருடனை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பிடித்து விசாரித்துக்கொண்டிருப்பார்களே, அப்படித்தான் ஆனது. அப்பாவோ கடைசி வரை ஒரே கட்சி: “எல்லாம் வோல்டேஜ் பிரச்சனை மச்சான்.”

இதெல்லாம் அம்மா போன பிறகு நடந்தவை. அம்மா போனபோது நான் இரண்டாம் வகுப்பு, அக்கா பத்தாவது. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுப்பதில் அக்காவுக்கு அன்றைக்கு அழ நேரமில்லை. அன்று அடுப்பைத் தொட்டவள் பிறகு அடுப்பைவிட்டு நகரவே இல்லை. சோறு, துணி, என் ஜடை, என் வீட்டுப்பாடம், அப்பாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் அவள் கையில். அப்பாவுக்குப் புளி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கோயம்புத்தூர் போய் விவசாயம் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவள், வயலைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மொட்டை மாடியில் உடைந்த பக்கெட்டுகளில் தக்காளியும் புதினாவும் வளர்ப்பாள். செடிக்குப் பூச்சி வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பிளஸ் டூவில் நல்ல மார்க். அப்பாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த டெஸ்டரைத் துடைத்து வைத்தார். பிறகு, “போய்ட்டு வா கண்ணு. இங்க நான் பாத்துக்கறேன்” என்றார். மறுநாள் காலையில் அரிசிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, “இதுக்குத் தண்ணி எவ்ளோமா?” என்று கேட்டார். அக்கா சொன்னாள். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.

விண்ணப்பத்தை நெட்டில்தான் போட வேண்டும். ஒரு வாரமாக அக்கா அந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றாள். பெயர் அடிப்பாள், மார்க் அடிப்பாள், போட்டோ ஏற்றுகிற இடம் வரும், உறைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. கடைசி நாளும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு சரி, அதற்கு மேல் மூடிவிடுவார்கள்.

அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. மாமாவையும் கடையைச் சாத்திவிட்டு வரச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து ரெஃப்ரெஷ், காலையிலிருந்து வோல்டேஜ். அப்பா பெட்டிக்குப் பின்னால் போய் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சொருகினார். மாமா மவுஸை மேஜையில் தட்டினார்.

“இன்னா மச்சான், இன்னும் சுத்திக்கினே கீது?”

“இரு மாப்ள. உள்ள வேலை செய்யுது. நாம கை வெச்சாதான் அது கோச்சிக்கும்.”

மத்தியானம் சோற்று நேரத்தில் போட்டோ ஏற்றுகிற இடம் வந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்புக்குறி உறைந்தது. அக்கா விசைப்பலகையின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கு அழாதவள் இந்தத் தகர டப்பாவுக்கு அழுகிறாளே என்று எனக்குப் பயமாகிவிட்டது. நானும் அழுதேன். அப்பா அவள் தலையைத் தொடக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

“பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பிரௌசிங் சென்டர் கீதே, நான் அங்க போய் போட்டுட்டு வந்துடறேன் ப்பா” என்றாள்.

“ஆம்பளப் பசங்க கும்பலா கெடப்பானுங்க. வீட்ல வெச்சிக்கினு அங்க எதுக்கு? வந்துடும் கண்ணு.”

அக்கா கண்ணைத் துடைத்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். மூன்று ஆயுத பூஜைகளின் சந்தனம் பொருக்குப் பொருக்காகத் தரையில் விழுந்தது.

“சாமி சந்தனம்மா அது!” என்று அப்பா பதறினார்.

“சாமி மூச்சு முட்டிச் சாகுது ப்பா. கைய வெச்சுப் பாரு, அடுப்பு மாதிரி கொதிக்குது.”

அப்பா கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அக்கா விடவில்லை. சுரண்டி முடித்து மறுபடி ஆன் செய்து, மாமா போட்டிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப்போட்டாள். முதலில் ஃபாரின் சரக்கு போனது, பிறகு ஸ்ட்ராங்கு, கடைசியில் வீக்கு.

“ஐயோ ஐயோ, காவலே இல்லாம பண்றியே! நாளைக்கு வைரஸ் வந்தா என்னைக் கூப்புடாத” என்று மாமா செருப்பை மாட்டினார். யாரும் தடுக்கவில்லை. படியில் இறங்கும்போதும் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மணி நான்கைத் தாண்டியிருந்தது. அக்கா கடைசியாக ஒரு முறை கம்ப்யூட்டரை அணைத்து ஆன் செய்தாள். பல் தேய்க்கிற நேரம் ஆகவில்லை. வாய் கொப்பளிக்கிற நேரத்தில் வந்து நின்றது! அம்புக்குறி அவள் கையோடு ஓடியது. நான் குதித்தேன். “வந்துச்சு ப்பா, வந்துச்சு!” என்று அக்கா கத்தினாள். அப்பாவும் சிரித்தார். “எம் பொண்ணு இன்ஜினீயரு” என்று சத்தமாகச் சொல்லி மேஜையைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

பெயர் ஏறியது, மார்க் ஏறியது. போட்டோ ஏற ஆரம்பித்தது. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பார்வை திரையில், ஒரு பார்வை அக்காவின் முதுகில். பிறகு, “லைட்டு டிம் அடிக்கிற மாதிரி கீது. கீழ மீட்டரப் பாத்துட்டு வந்துடறேன்” என்று இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. திரை, ஃபேன், டியூப்லைட். பெட்டியின் இரைச்சலும் அடங்கிப் போனது. அக்கா மவுஸில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“போய்ப் பாருடி” என்றாள்.

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டு மீட்டரும் மாடிப்படிக்குக் கீழேதான். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை.

“பியூஸ் போயிடுச்சு. இதோ ஆச்சுன்னு சொல்லு” என்றார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். “நிஜமா இதோ ஆச்சுன்னாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பியூஸ் போடுவது அப்பாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. தெருவில் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி இருட்டுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நான் இன்னொரு முறை இறங்கினேன். அப்பா அதே படியில் அப்படியே இருந்தார். கட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கஷ்டமான ரிப்பேர் போலிருக்கிறது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மேலிருந்து அக்கா கூப்பிட்டாள். “ப்பா... ப்பா...” அப்பா எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. அதற்கும் அப்புறம்தான் அவர் எழுந்து கட்டையைச் சொருகினார்.

நாங்கள் மேலே போனபோது, அக்கா மறுபடி ஆன் செய்திருந்த கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்ப நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் ஒரே ஒரு வரி. அக்கா அதைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

“உனக்கு ஒரு பியூஸ் போட இவ்ளோ நேரமா ப்பா?”

அப்பா சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அரிசி களைய எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு அன்று ஒரே குஷி. அக்கா எங்கேயும் போக மாட்டாள்! அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்கா பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் கணக்குப் படித்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து சமைப்பாள். பக்கெட்டுகளைக் கீழ்வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டாள். என் முறை வந்தபோது நான் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். பெட்டி கட்டிக் கொடுத்தது அக்கா. பஸ் ஏற்றிவிட்டது அப்பா.

அந்த ஹாஸ்டலில் ஒரு நாள் எங்கள் அறை வரிசைக்கு மட்டும் கரண்ட் போனது. எலக்ட்ரீஷியன் வந்து பியூஸ் கட்டையை உருவினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பீங்கான் முழுக்கக் கரி. நடுவில் கம்பி உருகி அறுந்து, இரண்டு முனையும் கறுத்துச் சுருண்டிருந்தன. “பியூஸ் போனா இப்படித்தாம்மா இருக்கும்” என்றார்.

அன்றைக்கு மாடிப்படியில் அப்பாவின் கையில் இருந்த கட்டையில் கரி இல்லை. கம்பி முழுசாக இருந்தது. வாசல் வெளிச்சம் பட்டு அந்தச் செம்பு மின்னியதை அவர் தோளில் சாய்ந்தபடி நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.