அத்தை பார்க்காத புலி

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப்பக்கம், கல்யாணமான கையோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் வழக்கம் அப்போது கிடையாது. ஆனால் அத்தையைக் கட்டிய மாமா திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். முதுமலைக்குப் போய்ப் புலி பார்த்து வரலாம் என்றார். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாலி ஏறியதிலிருந்து அவரிடம் அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. வெட்கமா, பயமா, பிடிக்கவில்லையா என்று தெரியாமல் வீடே கவலையில் இருந்தது. கடைசியில், “இவளும் வந்தா போறேன்” என்று அம்மாவிடம் என்னைக் காட்டினாள். எனக்கு அப்போது ஏழு வயது.

வாணியம்பாடியில் ரயிலேறியதும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

“உங்க மாமாவுக்குப் பசிக்குதான்னு கேளு” என்பாள் அத்தை.

“மாமா, பசிக்குதா?”

“இப்ப வேணான்னு சொல்லு.”

“இப்ப வேணாமாம், அத்தே.”

பெரிய உத்தியோகம் கிடைத்த மிதப்பில் இருந்தேன்.

முதுமலையில் வனத்துறை வேனில் கடைசி சீட் கிடைத்தது. மயிலைக் கண்டதும் டவுன்காரர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். எங்கள் சாமைக் கொல்லையில் மேய்கிற மயிலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குச் சலிப்பு.

“முன்னாடி போய்க் குந்தும்மா, புலி வந்தா நல்லாத் தெரியும்” என்றார் மாமா. டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு திருப்பத்தில் டிரைவர் வேனை நிறுத்தினார். “மூச்! சத்தம் போட்டா ஓடிடும்.”

புதரிலிருந்து புலி வந்தது. ரோட்டின் நடுவில் நின்று, எங்களை ஒரு பார்வை பார்த்து, சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. பெருமை தாங்காமல் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் மாமாவின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். கத்தவும் முடியாது. கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். அதற்குள் புலி ரோட்டோடு நேராக நடந்து மறைந்துவிட்டது.

“புலியப் பாத்தீங்களா?” என்று அவர்களிடம் ஓடினேன்.

“ஓ, பாத்தோமே!” என்றார் மாமா.

“எந்தப் பக்கம் போச்சி?”

மாமாவின் கை வலப்பக்கம் நீண்டது. அத்தையின் கை இடப்பக்கம் நீண்டது. அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பும் ரயிலில் எனக்கு வேலையே இல்லை. ஜன்னலோரம் என்னை உட்காரவைத்துவிட்டு அவர்களே பேசிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். “அத்த எப்படிடி இருந்தா? மாமாகிட்ட பேசினாளா?”

“பேசிக்கினே இருந்தாம்மா. அதனாலதான் ரெண்டு பேரும் புலியே பாக்கல!”

அத்தைக்கு நல்ல திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மாவோ என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்படியே என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய், “உங்க பொண்ணு இன்னா சொல்றா கேளுங்க” என்று அப்பா முன்னால் நிறுத்தினாள். அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அவ்வளவு தூரம் போய்ப் புலியைக் கோட்டைவிட்டு வந்ததில் இவர்களுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. புலி எவ்வளவு பெரிசு என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.