நாற்பத்தோரு சண்டை, ஓர் அடிகூட இல்லை

சாப்பாட்டு டப்பா மடியில் இருக்கிறது. இடது கையில் ஸ்பூன், வலது கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் ஒரு முன்பல். மேசைமேல் விரித்த கட்டம் போட்ட தாளில் அந்தப் பல்லை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். பிறகு எதிரே நிற்கிற கடவாய்ப்பல்லிடம், "நீ இப்ப இந்தப் பக்கம் திரும்புவே. திரும்பு பார்ப்போம்" என்கிறார். கடவாய்ப்பல் அசையவில்லை. அவரே அதைத் திருப்பி வைக்கிறார். அடுத்த வாய் சாப்பாடு உள்ளே போகிறது.

பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற லேப் அது. மூன்று மேசை, இரண்டு பர்னர், உருகும் மெழுகின் வாசனை, எந்நேரமும் காற்றில் மிதக்கிற வெள்ளைத் தூள். ரோஜா நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக அடுக்குவது அவருடைய வேலை. பதினாறு வருடமாக அடுக்குகிறார். லேபில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. புதிதாக வந்த ஒரு கூரியர்காரர் அதைப் பல்லக்கு என்று கேட்டுக்கொண்டு, "அது என்னங்க பேரு?" என்று விசாரித்தார். "நீங்க சொல்றதுல ஏறினா நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க. நான் ஏறினா இந்த ஸ்டூலே முனகுது" என்று பதில் வந்தது.

மனிதர்களை அவர் முகத்தால் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மாடி வீட்டு அம்மா அவருக்கு 'கீழ்வரிசை நெருக்கடி'. வங்கியில் உட்காருகிறவர் 'கோரைப்பல் தூக்கல்'. கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை சிரிக்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தாராம். பஸ் ஓட்டுகிற அந்த மனிதர் கடைசியில்தான் சிரித்தார். "நல்ல கடி. மேலும் கீழும் கச்சிதமா உக்காருது. வேற என்ன பார்க்கணும்" என்று அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்.

தாளில் நிற்கிற பற்கள் கழித்துப்போட்டவை. நிறம் ஒத்துவராதவை, முனை உடைந்தவை. முன்பற்கள் அவருடைய படை, கடவாய்ப்பற்கள் எதிரிகள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் டிவியில் போடவேண்டிய சண்டைக்கு மதியமே ஒத்திகை. பக்கத்து மேசையில் உலோகச் சட்டம் வார்க்கிறவர், லேபுக்கே மெட்டல் அண்ணன், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா, யாருக்கு செட்டு இது? மூணு வரிசையா நிக்குது."

"செட்டு இல்லண்ணா. சண்டை. பாலத்துல பதினோரு தடவை தோத்துட்டேன்."

"எந்தப் பாலத்துல?"

"வீட்ல" என்றார் பல்லக்கா. மெட்டல் அண்ணன் அதற்குமேல் கேட்கவில்லை.

*

அந்த வீடியோ விளையாட்டு வீட்டுக்கு வந்தபோது பல்லக்காவுக்கு வயது பத்து, அக்காவுக்குப் பதினைந்து. அப்பா இல்லாத வீடு. அம்மா ஒரு துணி மில்லில் தர சோதனைப் பிரிவில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். அம்மா பஸ் இறங்கி வர ஆறு மணி ஆகும். நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரம்தான் அவர்களுடைய ராஜ்ஜியம். பெரியம்மா மகன் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய விளையாட்டுப் பெட்டி, ஒரே ஒரு குறுந்தகடு. வேறு விளையாட்டு இல்லாததால் இதையே விளையாட வேண்டியதாயிற்று.

ஒரு கிறுக்குப் பட்டாளம் ஊர் ஊராகப் போகிற கதை அது. ரொட்டி சுடுகிறவன் ஒருவன், ஆட்டுத்தலையோடு ஒருவன், எதைக் கண்டாலும் பயப்படுகிற ஒரு வீரன். எல்லோருக்கும் நாமே பெயர் வைக்கலாம், எட்டு எழுத்துக்குள். வாளேந்திய பெண்ணுக்கு அக்கா தனக்காகப் 'புயல்' என்று வைத்துக்கொண்டாள். ஆட்டுத்தலைக்குக் கணக்கு வாத்தியார் பெயர். கவண் வைத்திருந்த பொடிப்பெண்ணுக்குச் 'சுண்டெலி'. வீட்டில் தங்கையின் பெயரும் அதுதான்.

வேலை பிரித்திருந்தார்கள். விளையாட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம். அக்காவுக்கு உட்கார்ந்து படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் பேச்சு சுண்டெலிக்கு, சண்டை அக்காவுக்கு. சுண்டெலி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் கொடுத்துத் தமிழில் சொல்லுவாள். தெரியாத வார்த்தை வந்தால் சொந்தமாக எதையாவது சேர்த்துவிடுவாள். வில்லன் நல்லவனாகிவிட்டான் என்று ஒருமுறை அவள் சொல்லிவிட, அக்கா அவனை நம்பிப் பக்கத்தில் போய் நின்று அடி வாங்கினாள். சண்டை தொடங்கியதும் சுண்டெலி வாயை மூட வேண்டும். அக்கா நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். அந்த நாக்கு உள்ளே போனால் ஜெயித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தே முக்காலுக்கு அணைத்துவிட்டு மின்விசிறியை டிவியின் முதுகுப் பக்கம் திருப்பி வைப்பார்கள். அம்மா வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் டிவியைத் தொட்டுப் பார்ப்பார். சூடு இருக்காது. "படிச்சீங்களா?" "படிச்சோம்மா." சுண்டெலி பொய் சொல்லவில்லை. இரண்டு மணி நேரமாகப் படித்தது அவள்தானே.

அக்காவுக்குக் கல்லூரி வேறு ஊரில் கிடைத்தது. கோட்டைப் பாலத்துச் சண்டையில் ஆட்டம் நின்றுபோனது. "லீவுல வந்து முடிக்கிறேன், தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் லீவில் நேரமில்லை. அடுத்த லீவில் அவளுக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகிவிட்டது. பிறகு வேலை, கல்யாணம், இன்னும் தூரமான ஒரு நாடு. அம்மா பக்கத்தில் இருந்தது சுண்டெலிதான். மருந்து, மருத்துவமனை, கடைசி மூன்று வருடம் கைத்தாங்கலாக நடக்க வைத்தது, எல்லாம்.

அம்மா போன ஐந்தாம் நாள் வீட்டைக் காலி செய்யும்போதுதான் அந்த வார்த்தை வந்தது. அக்கா அறை நடுவில் நின்றுகொண்டு, "எல்லாம் குப்பை. இந்தப் பெட்டிங்களைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றார். நாலு நாளாகத் தூங்காத பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. "வந்து மூணு நாள் ஆகுது. நீ சொல்லாதே எது குப்பைன்னு" என்றார். அக்கா மறுநாள் விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பிறந்தநாளுக்கு மட்டும் கைகூப்பின படம் ஒன்று போகும், ஒன்று வரும்.

*

தூக்கிப் போடச் சொன்ன பெட்டிகளில் ஒன்றில்தான் அந்த விளையாட்டுப் பெட்டி இருந்தது. ஒயர்கள் சுருட்டிக் கட்டியபடி, மெமரி கார்டு செருகியபடி. கணவர், அந்தப் பஸ்காரர், ஒரு சனிக்கிழமை முழுக்க மெனக்கெட்டு இன்றைய டிவிக்கு அதைப் பொருத்திக் கொடுத்தார். பழைய ஆட்டம் அப்படியே இருந்தது. கோட்டைப் பாலம். தொடாதே என்று சொன்ன இடம்.

பல்லக்கா தொட்டார். நாலே நிமிடத்தில் பட்டாளம் மொத்தமும் ஆற்றில் விழுந்தது.

அப்போதுதான் தெரிந்தது, இருபத்தேழு அத்தியாயத்தையும் கரைத்துக் குடித்திருந்தும் ஒரு சண்டைகூடத் தான் போட்டதில்லை என்று. யார் யாரை எதற்காகப் பழிவாங்குகிறார்கள் என்பது தலைகீழாகத் தெரியும். அடிப்பது எப்படி என்று தெரியாது. விதிமுறைப் புத்தகம் எப்போதோ தொலைந்திருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். பஸ்காரர் அதைத்தான் சொன்னார். "வேணாம்ங்க. அக்கா அதைப் பார்த்தா கத்துக்கிட்டா? அவளே முட்டி மோதித்தானே கண்டுபிடிச்சா" என்றார் பல்லக்கா. அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது.

அதனால் அவரும் முட்டி மோதினார். மாலை ஆறு மணிக்கு உட்காருவார், எட்டுக்கு எழுவார். முதல் வாரம் திசை புரிந்தது. முகத்துக்கு நேரே அடித்தால் கால் பங்கு அடி, முதுகில் அடித்தால் இரட்டிப்பு. ஆகவே தன் ஆட்களை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறோம் என்பது பாதிச் சண்டை. இரண்டாம் வாரம் தெம்பு புரிந்தது. உயிர்க்கோட்டுக்குக் கீழே இன்னொரு மஞ்சள் கோடு இருக்கிறது. பிடிக்காத ஆள் பக்கத்தில் நின்றால் அது இறங்கும், பிடித்த ஆள் நின்றால் ஏறும். தீர்ந்துபோனால் ஆள் கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவான். யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று விளையாட்டு சொல்லவே சொல்லாது. ரொட்டிக்காரனுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் ஒத்துவராது என்று கண்டுபிடிக்க ஐந்து தோல்வி ஆயிற்று.

"இவங்களும் ஆபீஸ் மாதிரிதான் இருக்காங்க" என்றார் பஸ்காரர்.

"ஆபீஸ்ல உக்கார்ந்தா சம்பளம் வரும். இவன் உக்கார்ந்தா நான் சாகறேன்."

மூன்றாவது விஷயம்தான் பிடிபடவில்லை. யாருடைய முறை எப்போது வரும்? நாம் ஒன்று, அவன் ஒன்று என்று மாறி மாறி வரவில்லை. புயல் இரண்டு தடவை அடித்த பிறகும் பயந்தாங்கொள்ளி வீரனின் முறை வராமல் இருக்கும். லேபில் தாள்மேல் பற்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒருநாள் மெட்டல் அண்ணன் தராசில் உலோகக் கட்டியை வைத்து எடை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். கவசம். வீரன் இரும்புக் கவசம் போட்டிருக்கிறான். புயலிடம் ஒரு வாள் தவிர எதுவும் இல்லை. பாரம் குறைந்தவருக்கு முறை சீக்கிரம் வருகிறது.

அன்று மாலை ஒவ்வொருவர் பாரத்தையும் பார்த்துவிடலாம் என்று பெயர்ப்பட்டியலைத் திறந்தார். புயல், ஆறு. கணக்கு வாத்தியார், ஒன்பது. ரொட்டிக்காரன், பதினொன்று. கடைசியில் இருந்த சுண்டெலிக்கு வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தொண்ணூற்று நாலு. மருந்துப் புட்டிகள், கூடாரம், கயிறு, அரிசி மூட்டை, மற்றவர்களுடைய மாற்றுக் கவசங்கள், எல்லாம் அந்தப் பொடிப்பெண் முதுகில் இருந்தன. கீழே அவள் கணக்கும் இருந்தது. கலந்துகொண்ட சண்டை நாற்பத்தொன்று. கொடுத்த அடி, பூஜ்யம்.

"பார்த்தீங்களா" என்றார் பல்லக்கா கணவரிடம். "அப்பவே என்னை மூட்டை தூக்கத்தான் வெச்சிருக்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாதியில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. பஸ்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "என்கிட்ட சொல்லி என்ன பண்றது. அவங்ககிட்ட கேளு" என்றார்.

கேட்டுவிட்டார். அக்கா இருக்கிற ஊரில் அப்போது காலை. மூன்றாவது மணியில் போனை எடுத்தார்.

"என்னடி? யாருக்கு என்ன?" என்று பதறிக்கொண்டு வந்தது குரல்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சுண்டெலி முதுகுல ஏன் அத்தனை மூட்டை ஏத்தி வெச்சிருக்கே?"

மெதுவாக, "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடலையா நீ?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல."

"நல்லதா போச்சு" என்றார் அக்கா. "உனக்கு ஞாபகம் இல்லையா? மொதல்ல ஒரு ஆட்டம் ஆடினோமே. ஒன்பதாவது சண்டையில சுண்டெலி செத்துட்டா. அதுல செத்தா செத்ததுதான், திரும்ப வரமாட்டாங்க. நீ ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. அம்மா உனக்கு ஜுரம்னு நெனச்சுட்டாங்க."

பல்லக்காவுக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அழிச்சிட்டு மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை பாரம் எல்லாத்தையும் உன்மேல ஏத்திட்டேன். பாரம் ஏறினா முறை கடைசியிலதான் வரும், அதுவரைக்கும் நீ பின்னாலயே நிப்பே. உன் முறை வர்றதுக்குள்ள நான் முடிச்சிருவேன். எவனும் உன்கிட்ட வரவே முடியாது. புரியுதா?"

"புரியுது."

"நீ அழுதுட்டே இருந்தா யாரு படிச்சுச் சொல்றது" என்றார் அக்கா. பிறகு, "கடைசியில எல்லாத்தையும் உன் தலையிலேயே ஏத்திட்டுப் போயிட்டேன், இல்ல?" என்றார். இது விளையாட்டைப் பற்றியதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"பாலத்துல பதினெட்டு தடவை தோத்துட்டேன்க்கா" என்றார் பல்லக்கா.

"பதினெட்டா? எப்படி நிறுத்தறே? சொல்லு."

போனை ஸ்பீக்கரில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அக்காவுக்குத் திரை தெரியாது. அதனால் பழையபடி ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. யார் எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கம் பார்த்து, பாலத்தின் அந்த முனையில் எத்தனை பேர் என்று பல்லக்கா சொன்னார். எதிரிப் படையின் வில்லாளி வந்தபோது அவனுடைய கரகரப்பான குரலிலேயே அவன் வசனத்தையும் சொன்னார். அக்கா அந்தப் பக்கம் சிரித்துப் புரையேறி இருமினார். பஸ்காரர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

நடுவில் ஒருமுறை பல்லக்கா, "ரொட்டிக்காரனை வாத்தியார்கிட்டேருந்து தள்ளி நிறுத்தறேன்" என்றார்.

"ஏன்?"

"ரெண்டு பேருக்கும் ஆகாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியாதே" என்றார் அக்கா. "அதனாலதான் அவன் எப்பப் பார்த்தாலும் உக்கார்ந்துட்டே இருந்தானா? நான் அவன் சோம்பேறின்னு நெனச்சேன்."

பாலத்தில் இப்போது நாலு எதிரிகள் மிச்சம். புயலுக்கு உயிர்க்கோடு மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது, அவள் முதுகுப் பக்கம் காலியாக இருந்தது. பல்லக்கா பட்டியலைத் திறந்து சுண்டெலியின் முதுகிலிருந்து கூடாரத்தை இறக்கினார். கயிற்றை இறக்கினார். அரிசி மூட்டையை, கவசங்களை. மருந்துப் புட்டிகளை மட்டும் விட்டுவைத்தார். பாரம் ஏழு என்று காட்டியது. உடனே அவளுடைய முறை வந்தது.

"இப்ப யாரு முறை?" என்று கேட்டது போன்.

"சுண்டெலி."

"அவளைப் பின்னாலயே வை. மரத்துக்கு அந்தப் பக்கம். கேக்குதா? முன்னால விடாதே."

"சரிக்கா, பின்னாலதான் நிக்கிறா" என்று சொல்லிக்கொண்டே, பல்லக்கா நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் கடித்தபடி, கவண்காரியைக் கட்டம் கட்டமாகப் பாலத்தின்மேல் ஏற்றிக்கொண்டு போய், புயலின் முதுகோடு முதுகாக நிறுத்தினார்.