பேனரில் போட்ட பெயர்

தேவராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்று கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும், நான் செய்த முதல் வேலை பேனருக்குச் சொன்னதுதான். எங்கள் இரும்புலியூரில் பட்டப்பெயர் இல்லாமல் பேனர் போட்டால் ஆள் யாரென்று தெரியாது. பழக்க தோஷத்தில் ‘டைட்’ தேவராஜ் என்றே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியும். மறைமலை நகருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நீங்களும் வந்தவர்கள்தானே. இறங்கும் இடத்தில் சீட்டை விட்டு எழுந்தால் அவருக்குக் கால் தள்ளாடும். காலையிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு டைட்டாக வருகிறார் என்று சிரித்தோம். ஈரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. கம்பெனியில் எல்லோரும் நின்று வேலை செய்யும் சோதனை மேசை முன்னால் அவர் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததற்கும் கேலிதான். “நான் உக்காந்தா இன்னா, வேல நிக்கலியே” என்பார்.

ஒருமுறை கேன்டீனில் அவரே விளக்கினார். எப்போதோ வந்த காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி ஈரலைச் சுருக்கிவிட்டதாம். “ஈரலு கெட்டா அத்தோட போவல தம்பி. கிட்னி மேல அட்ரீனல்னு ஒரு சுரப்பி கீது. அதுவும் டல்லாயிடுது. ஜுரம் கிரம் வந்தா ஒடம்பத் தாங்குற ஹார்மோன அதுதான் குடுக்கணும். எனக்குக் குடுக்கறதில்ல. எழுந்தா பிரஷர் எறங்கிடுது.”

நான் கேட்டது, எந்தக் கடைச் சரக்கு என்று. மேசையே சிரித்தது. அவர் என் தட்டைக் காட்டி, “சாப்டு, ஆறிடப் போவுது” என்றார்.

கடைசியில் வந்ததும் ஒரு ஜுரம்தான். இறங்கிய பிரஷர் ஏறவில்லை.

அவர் வீட்டு வாசலில் பேனர் கட்டியதும் அவர் மனைவி ரோஸி அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல தம்பி. எங்க பொண்ணக் கேட்டவங்க வந்துகினு கீறாங்க. அந்தப் பேர மட்டும் எடுத்துடுங்க.”

கூனிக் குறுகிப் போனேன். பிளேடு வாங்கி வந்து, ஏணியில் ஏறி, எல்லோரும் பார்க்க வெட்டி எடுத்தேன். அவர் பெயருக்கு முன்னால் ஓர் ஓட்டை விழுந்தது. அங்கே என்ன இருந்தது என்று வந்தவர்கள் கேட்டார்கள். பெண் கேட்டவர்களும் கேட்டார்கள். வாசலிலேயே நின்று உண்மையைச் சொன்னேன். ஈரலையும் அட்ரீனலையும் பற்றி, கேன்டீனில் அவர் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வெட்டிய துண்டைக் கீழே போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணனின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் அவருடைய பெயர் இல்லை.