எறும்புகளின் பின்னால் போனவள்

ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்த டீச்சர், கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதனால் ஒருநாள் புத்தகங்களை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பெரிய கோயில் கோபுரத்தைக் காட்டினார்.

அந்தக் கோயில் வந்த கதை தென்காசிப் பிள்ளைகளுக்குத் தெரியாததில்லை. காசிக்குப் போகிறவர்கள் பலர் வழியிலேயே இறந்துபோகிறார்கள், அவர்களுக்காக இங்கேயே ஒரு கோயில் கட்டு என்று பாண்டிய ராஜாவின் கனவில் சிவன் வந்து சொன்னார். எறும்புகள் சாரை சாரையாகப் போய் எங்கே முடிகின்றனவோ அதுதான் இடம் என்று அடையாளமும் சொன்னார். டீச்சர் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "ராஜா கதை எல்லாருக்கும் தெரியும். காசிக்குக் கெளம்பிப் போய்ச் சேராத ஆளு ஒருத்தன் இருப்பாம்லா? அவன் கதைய யாரும் சொல்லல. நீங்க எழுதிட்டு வாங்க" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்த ஆளைப் புலிக்குக் கொடுத்துவிட்டாள். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காசியில் இறக்கிவிட்டு, கதையையும் அத்துடன் முடித்துவிட்டான்.

என் அப்பா லாரி ஓட்டினார். புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். முந்தின வருஷம் அப்படிப் போனவர், நாக்பூர் தாண்டி ஒரு விபத்தில் இறந்துபோனார். சித்தப்பாதான் போனார். உடம்பை ஊருக்குக் கொண்டுவர முடியாது என்று அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலோடு திரும்பினார். அதைக் குற்றாலத்தில் கரைத்தோம். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சித்தப்பா வீட்டுக்கு வந்தால் காபி கொடுப்பாள், அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. காரியம் முடிந்ததும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று சொந்தக்காரர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது.

கதை எழுதும்போது நான் அப்பாவை நினைக்கவில்லை. எனக்குப் பிடித்தது எறும்புகள்தான். காசிக்குப் போன ஆளின் மனைவி வீட்டில் காத்திருக்கிறாள். அவள் அரிசிப் பானையிலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியே போகின்றன. அவளும் பின்னாலேயே போகிறாள். காடு, ஆறு எல்லாம் தாண்டி ஓர் ஆலமரத்தடியில் வரிசை முடிகிறது. அங்கே அவள் புருஷன் செத்துக் கிடக்கிறான். அவள் உட்கார்ந்து, அவன் முகத்தில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, நன்றாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை.

பெற்றோர் வரும் நாளில் நல்ல கதைகளை மேடையில் வாசிக்கவைப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். புலிக்கதை தேர்வாயிற்று. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இது மேடைக்கு வேண்டாம்மா. வீட்ல அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டு" என்றார். என் கதை நன்றாக இல்லை என்பதை அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் மேலிருந்த கோபத்தில், சண்டை போடுகிற குரலில் கதையை வாசித்து முடித்தேன். அம்மாவின் கை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"மொகத்தப் பாக்கால்லா, அந்த எடத்தத் திரும்ப வாசி."

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "மொகத்துல அடி ஏதும் இருந்துச்சாட்டி?"

எனக்குப் பெருமையாகிவிட்டது. என் கதையில் சந்தேகம் கேட்கிற முதல் ஆள். அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை, ஆனாலும் எழுதியவள் நான்தானே. "இல்லம்மா. ஒறங்குத மாதிரிதான் இருந்தான். தூசி மட்டுந்தான்."

"அவிய ரொம்ப நேரம் வலியில கெடந்தாவளா?"

"இல்ல, ஒடனேயே கண்ண மூடிட்டான்."

அம்மா அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய், வேண்டுமானால் அந்த ஆள் உயிரோடு திரும்பி வருகிற மாதிரி மாற்றிவிடுவதாகச் சொன்னேன்.

"மாத்தாதட்டி. இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அழவைக்கிற அளவுக்கு எழுதியிருக்கிறேன் என்றால் டீச்சருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. கதை நெடுக நான் "அவன்" என்றே எழுதியிருக்க, அம்மா அந்த ஆளை "அவிய" என்று மரியாதையாகச் சொன்னாள். பெரிய ஆளை அவன், இவன் என்று எழுதியதுதான் தப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, ஒவ்வொரு "அவனை"யும் அடித்து "அவர்" என்று திருத்தினேன்.