புங்க எண்ணெய் குடிச்ச டிராக்டர்

எனக்கு எண்பத்திரண்டு வயசு முடிஞ்சுருச்சு. ஏழு பிள்ளைங்களை ஆளாக்கினேன். அஞ்சு நான் பெத்தது, ரெண்டு என் நாத்தனார் பெத்துட்டுப் போனது. எது யாரு பெத்ததுன்னு வூட்டுக்கு வர்றவங்களுக்குக் கண்டுபிடிக்க முடியாது, அப்படி வளர்த்தேன். படிப்பு மூணாவதோட சரி. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். ஆகட்டும்.

மரத்துல, செடியில கிடைக்கிற எண்ணெயை ஊத்தி டிராக்டர் ஓட்டப் போறாங்கன்னு டிவியில புதுசு மாதிரி சொன்னாங்க. சந்தோஷந்தான். அரியலூருக்குக் கிழக்கால எங்க செம்மண் கொல்லையில அது ஓடி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓட்டினதுல எனக்குப் பங்கு உண்டு. நடுவுல அது நின்னுபோனதுலயும் பங்கு உண்டு. ரெண்டையும் எழுதுறேன்.

அப்ப சீமையில ரெண்டாவது உலகச் சண்டை நடந்துகிட்டிருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்து நாலாவது வருஷம். சண்டைக்கு முந்தியே என் வூட்டுக்காரர் ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார். தோட்டத்தை வித்துட்டுச் சீமைக்குத் திரும்பின ஒரு துரைகிட்ட வாங்கினது. முன்னால ஒரு இரும்பு உருண்டை துருத்திக்கிட்டு இருக்கும். அதுக்கடியில சீறுற விளக்கு ஒண்ணை வச்சு, உருண்டை செவக்கிற வரைக்கும் காய்ச்சணும். அப்புறம் சக்கரத்தைச் சுத்திவிட்டா டுப்பு டுப்புன்னு பிடிச்சுக்கும். ஊர்ல அதுக்கு இரும்பு எருமைன்னு பேர் வச்சிருந்தாங்க. எருமைன்னு சொன்னவங்க எல்லாரும் அது உழுறதைப் பார்க்க வரப்புல வந்து நின்னவங்கதான்.

அதை ஓட்ட அரும்பாவூர்லேருந்து ஒரு டிரைவர் வந்து தங்கியிருந்தார். முன்னால லாரி ஓட்டினவர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், ஆனாலும் அம்மான்னுதான் கூப்பிடுவார்.

சண்டை முத்த முத்த, வண்டிக்கு ஊத்துற குரூடாயில் கிடைக்காம போச்சு. பர்மிட்டு இருந்தாலும் சரக்கு வந்தாத்தானே. அந்த வருஷம் பார்த்து வெக்கை நோய் வந்து எங்க தொழுவத்துல எட்டு மாட்டுல ஆறு செத்துப்போச்சு. மிச்ச ரெண்டும் எலும்பும் தோலுமா நின்னுச்சு. இந்தப் பக்கம் மாடு, அந்தப் பக்கம் வண்டி, ரெண்டுமே உதவாதுன்னு ஆயிருச்சு.

என் வூட்டுக்காரரோட அண்ணன், எனக்கு மூத்தார், அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒருத்தர் வண்டியை வாங்கிக்கிட்டு ரெண்டு சோடி மாடு தர்றதாச் சொல்றார், மாத்திக்கலாம்னார். எங்களுக்கு மானாவாரி நிலம் இருபது ஏக்கர். மழை பேஞ்சா ஈரம் அஞ்சு நாளைக்கு நிக்கும். அதுக்குள்ள உழுது கடலை போட்டாகணும். ரெண்டு சோடி மாட்டை வச்சு அஞ்சு நாள்ல அஞ்சு ஏக்கர் உழலாம், மிச்சம் பதினஞ்சும் வருஷம் பூரா சும்மா கெடக்கும். என் வூட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டார். இந்த விதைப்புக்கு வண்டி உழலைன்னா வாலிகண்டபுரத்துக்காரர் ஓட்டிக்கிட்டுப் போகட்டும், அதுக்கப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்னார். மூத்தார் சரின்னார்.

மண்ணெண்ணெயும் அளந்து குடுத்த காலம் அது. வூட்டு விளக்குக்கு நாங்க பொம்பளைங்க சித்திரையில ரோட்டோரத்துப் புங்கமரத்தடியில காய் பொறுக்கி, தட்டி, கொட்டையைச் செக்குல ஆட்டி வச்சுக்குவோம். விளக்கு அதுல எரியுதே, வண்டி எரிக்காதான்னு என் வூட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவர் சிரிச்சார். டிரைவர் சிரிக்கல. இந்த வண்டி உருண்டைச் சூட்டுல எரியிறது, எந்த எண்ணெயா இருந்தாலும் சுத்தமா இருந்தாப் போதும்னு துரையோட பழைய டிரைவர் சொல்லக் கேட்டிருக்கேம்மான்னார்.

அந்தச் சித்திரை வைகாசியில நானும் பதினாலு பொம்பளைங்களும் பொறுக்காத புங்கமரம் இல்ல. செக்குக்காரர் முணுமுணுத்தார். புங்கை ஆட்டினா செக்கே கசந்துபோகும், அடுத்து ஆட்டுறவங்க என்னைத் திட்டுவாங்கன்னார். ஊர்ல எல்லாரும் ஆட்டி முடிச்ச பெறகு எங்களுக்கு ஆட்டினார். ஆட்டி முடிச்சதும் தவிட்டைப் போட்டு ரெண்டு தடவை செக்கை நாங்களே தேய்ச்சுக் கழுவிக் குடுத்தோம். எண்ணெயை அண்டாவுல பத்து நாள் தெளிய விட்டேன். தெளிஞ்சதை மேலாக்க மொண்டு, சூடு பண்ணி, பழைய வேட்டியை நாலா மடிச்சு வடிகட்டி டின்னுல ஊத்தினேன். டிரைவர் ஒரு படி ஊத்திப் பார்த்தார். வண்டி ஓடுச்சு. புகைதான் வேப்பம்புண்ணாக்கைக் கொளுத்தின மாதிரி நாறுச்சு.

ஆனிக் கடைசியில மழை பேஞ்சுது. நல்ல மழை.

மறுநாள் முதல் ஏர். எங்க வழக்கத்துல, முதல் ஏர் பூட்டுற மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வச்சு, சாமி விளக்கு எண்ணெயைக் கொம்புல தடவித்தான் கொல்லைக்கு அனுப்புவோம். அதை வூட்டுப் பொம்பளைதான் செய்யணும். விடிஞ்சதும் வண்டியைக் கழுவினேன், மஞ்சள் பூசினேன், குங்குமம் வச்சேன். எண்ணெய் தடவப் போனா, எங்க தடவுறது? அதுக்குத்தான் கொம்பு இல்லையே. மாட்டுப் புண்ணுக்குப் போடுற புங்க எண்ணெயோட ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குறதும் மனசுக்கு ஒப்பல. டாங்கி மூடியைத் திறந்து, சாமி விளக்குக்கு வச்சிருந்த நல்லெண்ணெய் ஜாடியை அடி வரைக்கும் கவுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொல்ற விஷயம்னே தோணல.

வண்டி போச்சு. ரெண்டு சுத்து உழுதுச்சு. மூணாவது சுத்துல இருமிட்டு நின்னுபோச்சு.

நான் கஞ்சி எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போனப்ப உச்சிப்பொழுது. டிரைவர் வண்டியில எண்ணெய் பீச்சுற இரும்பு மூக்கைக் கழட்டி, மண்ணெண்ணெயில போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். வேர்வையா ஊத்துது. அடைப்பு விடல. என் வூட்டுக்காரர் மண்ணைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். மூத்தார் வரப்புல நின்னார்.

"மாட்டுப் புண்ணுக்குப் போடுற எண்ணெய். வண்டிக்குப் புண்ணு இருந்திருந்தா இந்நேரம் ஆறியிருக்கும்" அப்படின்னார்.

கூலிக்கு வந்தவங்க சிரிச்சாங்க. வாலிகண்டபுரத்துக்கு அண்ணன் அப்பவே ஆள் அனுப்பிட்டதா என் வூட்டுக்காரர் மெதுவாச் சொன்னார். நாளைக்கழிச்சு மாட்டோட வந்துடுவாங்களாம்.

டிரைவர் கையில இருந்ததை எட்டிப் பார்த்தேன். சின்ன ஓட்டைய மூடிக்கிட்டு செம்பட்டையா, பிசினாட்டம் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. குடுங்கண்ணேன்னு வாங்கி மோந்தேன். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சறப்ப, கொஞ்சம் அசந்து பாகு தீஞ்சுபோனா ஒரு வாசனை வருமே, அதே வாசனை. நல்லெண்ணெய்க்கு எள்ளு ஆட்டும்போது செக்குல கருப்பட்டி போடுவாங்க. எண்ணெய் தெளிஞ்சாலும் ஜாடி அடியில அது மண்டியா நிக்கும். மண்டியோட சேர்த்துத்தான் நான் கவுத்திருக்கேன். புங்க எண்ணெயை நாலு மடிப்பு வேட்டியில வடிகட்டினவ, இதை வடிகட்டல.

நான் வாயைத் திறக்கலைன்னா பழி பூரா புங்க எண்ணெய் மேல போகும். யாருக்கும் தெரியப்போறதில்ல. வண்டி போயிடும், பதினஞ்சு ஏக்கர் தரிசா கெடக்கும், என் வூட்டுக்காரர் இனிமே அண்ணன் முன்னால தலை தூக்க மாட்டார். திறந்தா பழி எம்மேல. அதுவரைக்கும் நான் மூத்தார்கிட்ட நேராப் பேசினது இல்ல. சோறு ஆயிருச்சுன்னாக்கூட கன்னுக்குட்டிகிட்ட சொல்ற மாதிரிதான் சொல்வேன். அவரும் கன்னுக்குட்டிகிட்டதான் பதில் சொல்வார். கொல்லையில கன்னுக்குட்டி இல்ல.

"மாமா, தப்பு புங்க எண்ணெய் மேல இல்ல. சாமி விளக்கு நல்லெண்ணெயை ஒரு ஜாடி நான் அதுல ஊத்திட்டேன். கருப்பட்டி போட்டு ஆட்டினது. அதுதான் தீஞ்சு அடைச்சிருக்கு."

என் வூட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போறதில்ல.

"எதுக்கும்மா ஊத்தின?" மூத்தார் கேட்டார்.

"முதல் ஏரு. கொம்புல தடவணும். அதுக்குக் கொம்பு எங்க இருக்கு?"

மொதல்ல சிரிச்சது டிரைவர்தான். அப்புறம் மூத்தார் துண்டை எடுத்து வாயை மூடிக்கிட்டார். தோள் குலுங்குறதை வச்சு அவரும் சிரிக்கிறார்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

டிரைவர் மறுபடியும் மண்ணெண்ணெயை எடுத்தார். நான் வேணாம்னேன். பாகு புடிச்ச சட்டியை யாராவது எண்ணெய் விட்டுக் கழுவுவாங்களா? வெந்நீர்தான் வேணும். அங்கயே மூணு கல்லைக் கூட்டி, கஞ்சிப் பானையைக் கழுவித் தண்ணி கொதிக்க வச்சேன். மூக்கை அதுல போட்டேன். கொஞ்ச நேரத்துல தண்ணி டீ மாதிரி சிவந்துச்சு. டிரைவர் எடுத்து ஊதினார், காத்து மறுபக்கம் வந்துச்சு. டாங்கியில இருந்ததைப் பூராவும் இறக்கிட்டு, குழாயெல்லாம் வெந்நீர் விட்டு அலசி, வெயில்ல ஈரம் போகக் காய வச்சு, புங்க எண்ணெயைச் சூடு பண்ணி ஊத்தினோம். உருண்டை செவந்துச்சு. சக்கரத்தைச் சுத்தினார். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு ஏக்கர் புரண்டு கெடந்துச்சு.

மூணாம் நாள் வாலிகண்டபுரத்துக்காரர் ரெண்டு சோடி மாட்டோட வந்துட்டார். மூத்தார் அவரை வரப்புல உக்கார வச்சு, மோர் குடுத்து, "வண்டி வேலையா இருக்குங்க, இப்ப குடுக்கிறதுக்கில்ல"ன்னு சொல்லிட்டார். வந்தவருக்குக் கோவம் வரல. ஒரு மணி நேரம் உக்காந்து பார்த்தார். வாலிகண்டபுரத்து ரோடு நெடுக புங்கமரந்தான், காயெல்லாம் வீணா மண்ணுல போகுதுன்னு சொல்லிக்கிட்டே மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவர் மாட்டு வண்டியில மூட்டை மூட்டையா கொட்டை அனுப்பினார், பாதி எண்ணெய் அவர் ஊர் விளக்குக்கு, பாதி எங்க டிராக்டருக்குன்னு.

அஞ்சாம் நாள் இருபது ஏக்கரும் விதைச்சு முடிஞ்சுது. எட்டு ஒம்பது நாள்ல கடலை மண்ணை முட்டிக்கிட்டு வந்துச்சு. விடியக்காலையில நானும் என் வூட்டுக்காரரும் போய் நின்னு பார்த்தோம். கண்ணுக்கெட்டின தூரம் வரிசை வரிசையா, ரெண்டு ரெண்டு இலையா. இனிமே உன்னைக் கேக்காம வண்டியில ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்னார். அதுக்கப்புறம் சண்டை முடிஞ்சு குரூடாயில் வர்ற வரைக்கும் டின்னை நான் பார்த்துச் சரின்னு சொன்ன பெறகுதான் டிரைவரும் மூடியைத் திறப்பார்.

எழுதினது போதும், இனி என் பேத்தி வாசிக்கட்டும். கையெழுத்து கோணல்தான், ஆனா விஷயம் நேரா இருக்கும். பாப்பா, இங்க வா. உன் கண்ணாடிய எடுத்துக்கோ. இதை மொதல்லேருந்து சத்தமா வாசி. ஆயா ஜாடியைக் கவுத்த இடத்துல சிரிச்சுட்டு நிறுத்திடாதே, மேல வாசி.