மூன்று தேசிக்காய்கள்

பண்ணைக் கடலில் நீர்விமானம் முதல்முறையாக ஆட்களை ஏற்ற வந்து நின்றபோது, மனைவி பையிலிருந்து மூன்று தேசிக்காய்களை எடுத்தாள். புது வாகனம் புறப்படுமுன் சில்லின் கீழ் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்து நசிப்பது எங்கள் வழக்கம்.

"உதுக்குச் சில்லே இல்லை. எதாலை நசிக்கப் போறீர்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் இரண்டைத் தண்ணீரில் போட்டாள். அவை மிதந்து, அலையோடு விலகிப் போயின. "ஒண்டும் நசியேல்லை" என்று முகம் வாடியவள், மூன்றாவதை என் கையில் திணித்துவிட்டு ஏறினாள்.

விமானம் தண்ணீரைக் கிழித்து ஓடி மேலெழும்பும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கீழே தீவுகள் மின்னின. பக்கத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என் பிடியிலிருந்து சாறு வடிந்து காற்சட்டையெல்லாம் ஈரம்.

"நசிச்சிட்டியள்!" என்றாள்.